சனிக்கிழமைப் புகை

எங்க வீட்டு மனுஷன் தவுனோ, மரக்கட்டை லாரி ஓட்டியே கிழவனானவர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குறதுக்குள்ள நமக்கு உயிர் போயிடும். புரோஸ்டேட் வீங்கி, ஒண்ணுக்குச் சொட்டுச் சொட்டா வந்து அவஸ்தைப்பட்ட காலத்துலயும் மூச்சு விடலை. கடைக்குப் போற வழியில வண்டியை நிறுத்தி நிறுத்தி பிர்ச் மரத்துக்குப் பின்னால போய் நிப்பார். கடைசியில நான்தான் கழுத்தைப் பிடிக்காத குறையா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன்.

லேசர் ஆபரேஷன். வயித்துல கத்தியே படலை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாச் சொன்னாங்க: "ஒரு மாசம் சவுனா கூடாது. விறகு பிளக்கக் கூடாது, தண்ணி வாளி தூக்கக் கூடாது. வெளிய தெரியலைன்னாலும் உள்ள பச்சைப் புண்ணு. ஏற்கெனவே உங்க சிறுநீரகம் அடிவாங்கியிருக்கு. ரத்தம் கட்டி இன்னொரு தடவை அடைச்சா அது தாங்காது."

சவுனான்னா ஏரிக்கரையில இருக்கிற ஆவிக்குளியல் அறை; விறகடுப்புல கல்லைக் காய வச்சு, தண்ணி ஊத்தி, அந்த ஆவியில உட்காருவோம். சனிக்கிழமை சவுனா இல்லாத வீடு எங்க பக்கத்துல எழவு வீடு மாதிரி. எனக்கும் கஷ்டம்தான். மாட்டுக்கொட்டகையில உழைச்சுத் தேய்ஞ்ச இடுப்பு, அந்தச் சூடு பட்டாத்தான் அசையும். விறகும் தண்ணியும் என்னால சுமக்க முடியாது. போகட்டும், ஒரு மாசம்தானேன்னு விட்டுட்டேன்.

ரெண்டாவது சனிக்கிழமை கடையிலிருந்து திரும்பினா, ஏரிக்கரைச் சவுனாவுல புகை! அடப்பாவி மனுஷான்னு கத்திக்கிட்டே வீட்டுக்கு ஓடினேன். உள்ள தவுனோ சுவரைப் பிடிச்சுக் குனிஞ்சு நிக்கிறார். முகத்துல ரத்தமே இல்லை.

"வரலை, ஹில்க்கா. முதல்ல ரத்தமா வந்துச்சு. இப்ப ஒரு சொட்டும் வரலை."

ஆம்புலன்ஸ் வேற ஊர்ல மாட்டிக்கிச்சு, வர நேரமாகும்னாங்க. நானே காரை எடுத்தேன். ரோடெல்லாம் பனி. ஒவ்வொரு குலுக்கலுக்கும் மனுஷன் பல்லுக்கு நடுவுல முனகுறார். பயத்துல எனக்குக் கோபம்தான் வந்துச்சு.

"யோவ், ஒரு மாசம் பொறுக்க முடியலையா? அப்படி என்னய்யா உடம்பு கேக்குது உனக்கு? சிறுநீரகம் போச்சுன்னா என்ன பண்ணுவே?"

முன்னால ஒரு கட்டை லாரி, பனியை வாரி கண்ணாடியில அடிக்குது. எதிர்ல என்ன வருதுன்னே தெரியலை. தாண்டவும் பயம், பின்னாலயே ஊர்ந்தா இவர் கதி என்ன ஆகும்னு அதைவிடப் பயம்.

"விளக்கைச் சிமிட்டு," வயித்தைப் பிடிச்சுக்கிட்டே சொன்னார். "வழி இருந்தா அவன் ஓரம் கட்டுற மாதிரி வலது சிக்னல் போடுவான், தாண்டலாம்னு அர்த்தம்."

சிமிட்டினேன். கொஞ்சம் பொறுத்து லாரியோட வலது விளக்கு மின்னுச்சு. கண்ணை மூடாத குறையா தாண்டினேன்.

ஆஸ்பத்திரியில தடிமனான குழாயைப் போட்டு, உப்புத்தண்ணி விட்டுக் கழுவிக் கழுவி ரத்தக்கட்டியா எடுத்தாங்க. மனுஷன் என் கையை நெரிச்சுட்டார். ஒருவழியா பையில சிறுநீர் இறங்குச்சு. ரத்தப் பரிசோதனையையும் பார்த்துட்டு டாக்டரம்மா, "சிறுநீரகம் தப்பிச்சுது," அப்படின்னாங்க. "சவுனாவுக்குப் போனீங்களா?"

"இல்லை."

"பொய்!" நான் கத்தினேன். "புகையை என் கண்ணால பார்த்தேன்!"

"விறகு பிளந்தேன். தண்ணி சுமந்தேன். அடுப்பு மூட்டினேன். உள்ள போகலை."

"அப்புறம் யாருக்குய்யா மூட்டினே?"

சுவரைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "நீ தூக்கத்துல இடுப்பைப் பிடிச்சுப் புரளும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறே. எனக்குக் கேக்குது."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

"இப்பப் போனாலும் கல்லுல சூடு இருக்கும்," அப்படின்னார் மனுஷன். "போய்க் கொஞ்ச நேரம் உட்காரு, ஹில்க்கா."

பேசுய்யா, பேசுய்யான்னு காலமெல்லாம் அவரைக் கெஞ்சினவ நான். "வாயை மூடுய்யா"ன்னு சொல்லி, அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.