ஜமீலாக்கா நம்பாத வரி

போன வாரம் பள்ளி இடைவேளையில் கணவர் அழைத்தார். "ஜமீலாக்கா போயிட்டாங்களாமா. நெஞ்சுவலின்னு ஆசுபத்திரிக்குப் போற வழியிலயே." கையிலிருந்த விடைத்தாள்களை எங்கே வைத்தேன் என்று பிறகு நெடுநேரம் தேடினேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரர்களான உங்களில் பலர் அவரை ஜவுளிக்கடையில் பார்த்திருப்பீர்கள். எங்களில் சிலருக்கு அவர், மாதம் ஒரு ஞாயிறு வாசகசாலை மாடியில் பழைய படங்கள் போட்டுக் காட்டியவர். மௌனப் படமென்றால் இடையிடையே வரும் எழுத்தட்டைகளைத் தாமே தமிழில் வாசிப்பார். "படிக்காதவங்களும் படம் பாக்கோணுமுங்க" என்பார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு ஞாயிறு. எனக்கு ஐந்தாம் மாதம். என் அக்கா பிரசவத்தில் இறந்தவள். வயிறு தெரியத் தெரிய எனக்குத் தூக்கம் போனது. கணவரிடம் சொல்லவில்லை; சொன்னால் நடந்துவிடுமோ என்று பயம். அன்றைய படத்தின் நாயகியும் தாயைப் பிரசவத்தில் இழந்தவள். தொட்டிலைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். குழந்தையே பிடிக்காதவள் என்று கணவன் சீறுவான். ஓசையில்லாமல் அவள் வாய் திறந்து மூடியது.

கடைசியில் குழந்தையோடு அவள் சிரித்தாள். எழுத்தட்டை வந்தது. ஜமீலாக்கா வாசிக்கவில்லை.

"என்னங்க எழுதியிருக்குது?" என்று யாரோ கேட்டார்.

"தாயானதும் அவ பயமெல்லாம் பறந்துபோச்சுன்னு போட்டிருக்குதுங்க. நான் மூணு பெத்தவ. எனக்குப் பறக்கலை. பொய்யை எப்படீங்க வாசிக்கறது?"

சிலர் சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன். விளக்கைப் போட்டதும் பக்கத்திலிருந்த என் கணவர் பதறினார். ஜமீலாக்கா அருகில் வந்து, "என்ன பயமோ அவருகிட்டச் சொல்லு கண்ணு. நான் டீ சொல்லிட்டு வாரேன்" என்று இறங்கிப் போய்விட்டார். அக்காவைப் போல நானும் பிரசவத்தில் போய்விடுவேனோ என்ற பயத்தை அங்கேயே சொன்னேன். "இதை ஏன் இத்தனை நாளா..." என்று தொடங்கிய கணவர், முடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அக்கா இறந்த விதத்தை டாக்டரிடமும் சொன்னோம். அக்காவுக்கு இருந்த இரத்தக் கொதிப்பு எனக்கும் தொடங்கியிருந்தது. வாரந்தோறும் பார்த்தார்கள். எட்டாம் மாதம் அது ஏறியபோது, தாமதிக்காமல் அறுவை செய்து மகளை எடுத்தார்கள்.

குழந்தையைப் பார்க்க வந்த ஜமீலாக்கா முதலில் என்னிடந்தான் வந்தார். "பயம் போச்சா?"

"இல்லீங்கக்கா. இப்ப இவளுக்காகப் பயமா இருக்குது."

"இருந்துட்டுப் போகுது. வாய்க்குள்ளயே வெச்சுக்காத."

மகள் இந்த ஆண்டு பள்ளி வேனில் தனியாகப் போய்வருகிறாள். வேன் பத்து நிமிடம் பிந்தினாலும் வாசலுக்கு வந்துவிடுகிறேன். அங்கே நின்று, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி, "பயமா இருக்குதுங்க" என்று சொல்லிவிடுகிறேன். ஜமீலாக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். யாராவது செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, வேன் வரும்வரை என்னோடு நிற்கிறார்கள்.