அகலப் பாதம்

கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலையின் முதலாளி, சம்மாட்டி, எனக்கு ஒரு நாள்தான் தந்தார். "கால் புதையாமல் கயிறு இழுத்துக் காட்டு. காட்டினாயெண்டால் இந்தப் பருவம் முழுக்க வேலை. இல்லாட்டி வேறை இடம் பார்," என்றார். மிதிவெடியில் போன வலது காலுக்குப் பதிலாக எனக்குப் பொய்க்கால் இருந்தது. தார் வீதியில் அது நன்றாகவே நடக்கும். வடமராட்சிக் கடற்கரை மணலில் முளை அடித்தது போல இறங்கிவிடும்.

அந்த நாட்களில் மருதனார்மடத்தில், வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகளின் பட்டறைக்குப் பலகை இறக்கப் போவேன். அவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்த ரீச்சர் கரும்பலகையைத் தொடுவதில்லை. முதலில் கையால் செய்து பார்க்க வேண்டும், பிறகுதான் படம் கீறலாம். அன்று மணல் நிரப்பிய பெட்டியில் ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைத்துப் பாரம் ஏற்றினார்கள், புதைந்தது. படுக்கவைத்து ஏற்றினார்கள், அப்படியே கிடந்தது. ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கியது. என் காலைப் பற்றிச் சொன்னேன்.

"அண்ணை, உங்கடை பாரம் முழுக்க உந்தச் சின்ன அடியிலை விழுது. அடியை அகலமாக்கினால் சரி," என்றாள் ஒரு பிள்ளை.

"யானைக்கால் செய்யப் போறியளோ?"

"இல்லை, தாராக்கால்."

வாத்தின் பாதத்தை நினைத்து எல்லோரும் சிரித்தோம். பலகையும் பழைய ரயர் றப்பரும் கொண்டு அகலமான அடி ஒன்று செய்து பொய்க்காலில் பூட்டினார்கள். பெட்டி மணலில் ஏறி நின்றேன். புதையவில்லை. ரீச்சர் கைதட்டினார்.

சம்மாட்டி தந்த அந்த நாளில் கரைக்குப் பிள்ளைகளும் வந்தார்கள். உலர்ந்த மணலில் நன்றாக இழுத்தேன். ஆனால் கயிற்றோடு மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர் அதை விட்டுவிட்டு, மறுபடி அலை அடிக்கும் இடத்துக்கு இறங்கிப் பிடித்துவர வேண்டும். என் முறை வந்தது. அலை திரும்பியபோது ஈரமணல் அந்த அகலமான அடியின் மேலே ஏறி இறுகியது. காலைத் தூக்க முடியவில்லை. கயிறு நகர்ந்தது, நான் விழுந்தேன். அடுத்தவன் என் மேல் விழுந்தான்.

"எழும்படா, வலை சரியுது!" என்று பின்னால் கயிறு பிடித்தவர்கள் கத்தினார்கள்.

எங்கள் பக்கக் கயிறு தளர்ந்து, பாதி மீன் போய்விட்டது. சம்மாட்டி ஏசவில்லை. "வீட்டை போ," என்றார்.

அடியை அகலமாக்கச் சொன்ன பிள்ளை முழங்காலிட்டு, என் காலைச் சுற்றிக் கையால் மணலைத் தோண்டினாள். "ஈரமணலிலை வைச்சுப் பாக்கேல்லை, அண்ணை. அடியிலை துளை போட்டால் சரிவரும். திருப்பிச் செய்வம்."

"எப்ப?"

"சோதினை முடிய."

அவர்களின் பரீட்சை முடிவதற்குள் மீன்பிடிப் பருவம் முடிந்துவிடும். அடியைக் கழற்றி அவளிடமே கொடுத்தேன். உரும்பிராயில் வெங்காயத் தோட்டத்தில் புல் பிடுங்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அது நிலத்தில் உட்கார்ந்தபடி செய்யும் வேலை. இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு பஸ் ஏறினேன்.