கிளைமேட் ஒத்துக்கவில்லை என்றாள்: பர்கூரிலிருந்து ஜவளகிரி வரை

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன பயணம் இது. கல்யாணமாகி அப்போது எட்டு மாதம். என் மனைவி கவிதா தூத்துக்குடிக்காரி. நானும் அந்தப் பக்கம்தான், ஆனால் ஓசூருக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. "எனக்கு இந்த ஊரு கிளைமேட் ஒத்துக்கலங்க" என்று மார்கழி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரி, மாவட்டத்துக்குள்ளேயே விதவிதமான தட்பவெப்பம் இருக்கிறதே, ஒரே நாளில் சுற்றிக் காட்டிவிடுவோம், அவளுக்குப் பிடித்த ஊரில் வீடு பார்ப்போம், நான் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறேன் என்று முடிவு செய்தேன். பைக்கை எடுத்தது காலை 6.40. பெட்ரோல் 400 ரூபாய்க்குப் போட்டேன்.

ஓசூரில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. சூளகிரி தாண்டி இறங்க இறங்க ஸ்வெட்டர் உறுத்த ஆரம்பித்தது. 65 கிலோமீட்டரில் பர்கூர், மணி 8.35. கருங்கல் குவாரிகள், வேலிக்காத்தான், முள். தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான் இந்தச் செடிகளுக்கு இலை இத்தனை சிறிசு என்று பாடம் எடுக்கத் தொடங்கினேன். பூமத்தியரேகைப் பக்கம் தினம் மழை, அடர்ந்த காடு. அதைத் தாண்டினால் புல்லும் மரமுமாகச் சவன்னா. அப்புறம் பாலைவனம், கள்ளி. மேலே போனால் மிதமான குளிர், ஊசியிலை மரங்கள். கடைசியில் துருவம், அங்கே பாசிதான்.

"போதும்ங்க, பரீச்சையா வைக்கப் போறீங்க?" என்றாள். ஊர் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "வெயில் நல்லாத்தான் இருக்கு."

திரும்பி கிருஷ்ணகிரி வந்து ராயக்கோட்டை போனோம், 43 கிலோமீட்டர். தக்காளி மார்க்கெட்டில் கூட்டம் நெரிந்தது. கோட்டை மலையைக் கீழே நின்று பார்த்ததோடு சரி. சாப்பாடு இரண்டு பேருக்கு 180 ரூபாய். கெலமங்கலம் பக்கம் ஒரு பசுமைக்குடில் வாசலில் நின்றவரிடம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தோம். வரிசை வரிசையாக ரோஜா.

"வெயில் ஏறுனா மேல நிழல் நெட்ட இழுத்து உட்ருவோம்ணா, புகை மாதிரி தண்ணி தெளிப்போம். செடி வாடறதுக்கு முன்னாடியே பாத்துக்கணும், செடி வாயத் தெறந்து சொல்லாதில்ல?" என்றார் அவர்.

"குடுத்து வச்ச செடி" என்றாள் கவிதா. நான் சிரித்துக்கொண்டே, "குடிலுக்குள்ள குளிர்ப்பிரதேசமும் பார்த்தாச்சு, இனி துருவம்தான் பாக்கி" என்றேன். "அதுக்கு எதுக்குப் போவணும்? நம்ம வீடுதான்." குளியலறைத் தண்ணீரைச் சொல்கிறாள் என்று நினைத்து அதற்கும் சிரித்தேன். மரமண்டை.

தேன்கனிக்கோட்டை, தளி வழியாக ஜவளகிரி சேரும்போது 2.15. இலையுதிரத் தொடங்கிய மரங்கள், மூங்கில், பழுத்துக் கிடந்த புல். சவன்னாவை நினைவுபடுத்தும் காடு. டீ குடிக்க நின்றோம், கடைக்கார அம்மா கவிதாவைப் பார்த்து, "ஊட்டா ஆய்த்தாம்மா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். கன்னடத்தில் 'சாப்பிட்டாச்சா' என்று அர்த்தம், யாரைப் பார்த்தாலும் கேட்பார்கள், சும்மா ஒரு விசாரிப்பு என்றேன்.

அவ்வளவுதான், அவளுக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது.

"எட்டு மாசத்துல என்னைய ஒருத்தரும் இதக் கேக்கலங்க. நீங்க ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்குதீங்க, எந்திச்சுப் போயிருதீங்க. பக்கத்து வீட்டுல தெலுங்கு, எதிர்வீட்டுல கன்னடம். நான் குக்கர்கிட்டதான் பேசிட்டு இருக்கேன். எனக்குக் குளிரா பிரச்சனை?"

"கிளைமேட்னுதானே சொன்ன?"

"வேற என்னன்னு சொல்லச் சொல்லுதீங்க? வெள்ளிக்கிழமைக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுட்டேன். போறதுக்கு மட்டும்."

நான் கம்பெனியில் டைம் ஆபீஸில் இருக்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள். மதுரை, சிவகங்கை, நெல்லை என்று தெற்கிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் "கிளைமேட் ஒத்துக்கல சார்" என்பார்கள். நானும் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். பேச ஆளில்லை என்று எந்த மனிதன் ஆபீஸில் வந்து சொல்வான்? ஒன்பது வருடம் அந்த ஒரு சொல்லை எழுதியும் எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

டீ இரண்டு 24 ரூபாய். 3.30க்குக் கிளம்பி 4.50க்கு வீடு. மொத்தம் 207 கிலோமீட்டர்.

போக நினைப்பவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள், மார்ச்சுக்குப் பிறகு காடு மொட்டையாகிவிடும். கழற்றி மாட்ட வசதியான ஸ்வெட்டர் வேண்டும். பெட்ரோலைத் தேன்கனிக்கோட்டையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். யானை நடமாட்டம் உண்டு, நாலு மணிக்கு மேல் ஜவளகிரிக் காட்டுச் சாலையில் இருக்காதீர்கள். துணையோடு போகிறவர்கள் தயவுசெய்து பாடம் எடுக்காதீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருந்தால் பர்கூரிலேயே அவள் பேசியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பையை மேலே வைத்துவிட்டு இறங்கி அவள் ஜன்னல் பக்கம் வந்து நின்றேன். வண்டி நகரும்போது ஜன்னலைத் தள்ளித் திறந்து சொன்னாள்: "திரும்பி வர டிக்கெட்ட நீங்க போடுங்க. உங்களுக்குப் பகல் ஷிஃப்ட் வர்ற வாரமா பாத்துப் போடுங்க."