லமீன் வந்தால் கம்பளம் சுருளும்

“நான் வாசல்ல செருப்பக் கழட்டினாப் போதும், உள்ள கம்பளம் தானாச் சுருண்டுக்கும். நான் போயிட்டு வந்த வீட்டுல ஒரு கம்பளம் விரிஞ்சு கெடக்குதுன்னு எவனாவது காட்டட்டும், மீசைய எடுத்துடறேன்.”

இப்படிச் சொன்னவர் ஸீ லமீன் வஸ்லாத்தி; ‘ஸீ’ என்றால் எங்கள் பக்கம் ‘ஐயா’. சொன்ன இடம் கைரவான், கம்பளம் நெய்தே வயிறு வளர்த்த ஊர். கடற்கரையில் நின்றுகொண்டு மீனை ஒழிப்பேன் என்பதுபோல அது. ஆனாலும் நாங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டோம். அந்த மீசை அப்படிப்பட்டது.

வயதானவர்கள் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அதற்காக வகுப்பில் அவரே விழுந்து காட்டுவார். கம்பளத்தின் ஓரத்தில் கால் இடறி, மேசையைப் பிடிக்கப் பார்த்து, அது கைக்கு எட்டாமல், மெல்லப் பக்கவாட்டில் சரிவார். அவ்வளவு பாந்தமாக விழ எங்கள் ஊரில் வேறு ஆள் கிடையாது. விழுந்த இடத்திலிருந்தே பாடமும் நடக்கும்: “மொதல்ல கம்பளம். அப்புறம்தான் கண்ணு, தூக்க மாத்திர, செருப்பு, வெளிச்சம் எல்லாம். எழுதிக்குங்க.”

வகுப்பு முடிந்ததும் நர்சுகளை வீடுகளுக்குக் கூட்டிப்போவார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக்குள் நுழைவது நாகரிகமில்லை என்பதால் முதல்நாளே போன் போய்விடும். அப்படித்தான் ஜாஸியாக் கிழவி வீட்டுக்கும் போனது.

ஜாஸியா ஒருகாலத்தில் பேர்போன நெசவுக்காரி. இப்போது ஜல்லாதீன் கோட்டைவாசலுக்குப் பின்னால் தனியாக இருக்கிறாள். வசந்தத்தில் ஒருநாள் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பூனை காலைச் சுற்றியது என்றாள். கடற்கரை ஊரான சூஸிலிருந்து ஓடிவந்த மகன் அப்போதே தீர்ப்பை எழுதிவிட்டான்: “இன்னொரு வாட்டி விழுந்தீங்கன்னா வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடணும்.” அவன் இருப்பது உச்சி மாடியில். அங்கே போனால் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்கலாம், பார்த்துக்கொண்டே இருக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. கிழவிக்கு அந்தப் பயம் மட்டும்தான்.

லமீன் நர்சுகளோடு உள்ளே நுழைந்தார். கூடம் முழுக்கக் கம்பளம், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்தது. ஹய்ஃபா என்ற நர்சு முதல் அடியிலேயே தடுக்கினாள். லமீன் முகத்தில் பெருநாள் வெளிச்சம்.

“பாத்தீங்களா? சுருட்டுங்க.”

“தொட்டா கைய ஒடிச்சுடுவேன்” என்றாள் ஜாஸியா, தேநீரை ஆற்றிக்கொண்டே. “வந்தவங்கள வெறுந்தரையில ஒக்கார வெச்சா, செத்தப்புறம் எங்கம்மா மூஞ்சில எப்படி முழிக்கறது?”

லமீன் தாமே குனிந்து ஓரத்தைத் தூக்கினார். மூக்கில் அந்துருண்டை நெடி ஏறியது. தினமும் மிதிபடும் கம்பளத்தில் அந்துருண்டை ஏன்? அவர் மண்டியிட்டார். துணிக்கடையில் வெகுநாள் மடித்துக்கிடந்த சேலைபோல மடிப்புக்கோடு விறைத்து நின்றது. அடியில் தரை பளபளவென்று துடைத்திருந்தது. பாடத்தில் இல்லாத ஒன்றைப் பார்த்துவிட்ட மாணவனைப்போல நிமிர்ந்தார்.

“பெரியம்மா, இது எப்பவும் இங்கதான் கெடக்குதா?”

“எனக்கென்ன கிறுக்கா, தடுக்கி விழ? அலமாரி மேல கெடக்கும். நீங்க வர்றீங்கன்னு போன் வந்துச்சு, காலையில எறக்கினேன்.”

“யாரு எறக்கினது?”

“பின்ன, பூனையா எறக்கும்?”

ஹய்ஃபா இருமினாள். லமீன் சிரிக்கவில்லை.

“வசந்தத்துல விழுந்தீங்களே, அன்னிக்கு?”

“அன்னிக்கும் ஒங்க ஆளுங்கதான் வர்றதா இருந்துச்சு. விழாம இருக்கறது எப்படின்னு சொல்லித்தர.”

“அப்ப பூனைன்னு ஏன் சொன்னீங்க?”

“வர்ற விருந்தாளியால விழுந்தேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா, தம்பி? பூனைன்னா பரவால்ல. அது வீட்டு ஆளு.”

இவ்வாறாக, கைரவானில் முதியோர் விழுவதற்கான புதிய காரணம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது: முதியோர் விழாமல் தடுக்க வருகிறவர்கள். லமீன் தேநீரை ஆறவிட்டுவிட்டு, எதிரே இருந்த மக்ரூத் பலகாரத்தைக்கூடத் தொடாமல் வெகுநேரம் அலமாரியின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று கம்பளங்களைச் சுருட்டிக் கட்டியவர்கள் நர்சுகள். கிழவி அனுமதித்தாள், விருந்து முடிந்துவிட்டதால். அதற்குப் பிறகு போன் போவதில்லை. கையில் ஒரு கட்டு வெந்தயக்கீரையோடு அடுப்படி வழியாகவே நுழைவார்கள். “கீர வெல ஏறிப்போச்சு பெரியம்மா” என்று புலம்பியபடி முக்காலியில் உட்கார்ந்துவிட்டால் யாரும் விருந்தாளி இல்லை. வகுப்பிலும் பாடம் மாறியது. “மொதல்ல நாம. அப்புறம்தான் கம்பளம்” என்றார் லமீன், தரையில் கிடந்தபடியே. மீசைப் பந்தயத்தை மட்டும் அவர் வாபஸ் வாங்கவில்லை.

நபி பிறந்தநாளான மவ்லித் வந்தது. ‘நாளைக்கு வர்றேன்’ என்று முதல்நாளே லமீனுக்கு ஹய்ஃபாவிடம் சொல்லியனுப்பியிருந்தாள் ஜாஸியா. அன்று காலை லமீனின் மனைவி ஸாலிஹா கூடத்துக்கு வந்தபோது, அவர் நாற்காலிமேல் ஏறி நின்று அலமாரி உச்சியிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்க அங்க?”

“ஜாஸியா பெரியம்மா வர்றாங்க.”

“வரட்டுமே. அதுக்கு?”

“அதுக்குன்னா? வெறுந்தரையிலயா ஒக்கார வைக்கறது?”

கிழவி ஒரு கையில் தடி, மறு கையில் மவ்லிதுக்குக் கிண்டிய பைன் விதைக் களிக் கிண்ணத்தோடு வந்து, கூடத்து நிலைப்படியில் நின்றாள். கீழே பார்த்தாள். மடிப்பு விறைத்த கம்பளம் விரிந்து கிடந்தது.

“என்ன தம்பி, என்னைய சூஸுக்கு அனுப்பறதா முடிவு பண்ணிட்டியா?”

சுருட்டலாம்தான். ஆனால் விருந்தாளி வாசலில் நிற்கும்போது விரித்ததைச் சுருட்டுவது எந்த வீட்டில் உண்டு? ஸீ லமீன் மண்டியிட்டார். மேலே தூக்கி நின்ற கம்பள ஓரத்தை இரண்டு உள்ளங்கையாலும் தரையோடு அழுத்தினார். கிழவி தடியை ஊன்றித் தாண்டி, அந்தப்பக்கம் போய் உட்காரும்வரை கையை எடுக்கவில்லை.