எந்த இடம் பிடித்தது என்று கேட்டவர்

பிரபுதான் மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் இருந்து போன் செய்தான். "அண்ணா, மேகலாக்கா போயிட்டாங்க" என்றான். அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒரு பாட்டு தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "என்ன பாட்டுடா அது?" என்று கேட்டேன். எப்படி, எப்போது என்று எதையும் கேட்கவில்லை, அதைத்தான் கேட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "தெரியலண்ணா. வண்டி எடுத்ததுலருந்து ஓடிட்டு இருக்குது. யாரும் நிறுத்தல" என்றான். பிறகு பாட்டை நிறுத்தினான். அதற்கப்புறம்தான் அவன் அழுவது எனக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டு, கடையில் நின்றிருந்தவருக்கு யூரியா எடுத்துக் கொடுத்தேன்.

மேகலாவுக்குக் காலையில் நெஞ்சு வலித்திருக்கிறது. பிரபு சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவன். திருவிழா, காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கம் அவன் மைக்செட்தான். அவனுடைய வேனில்தான் அவரை ஏற்றியிருக்கிறார்கள். கூடப் பிறந்த அண்ணன் மடியில் காலை நீட்டிப் படுக்கவைத்து மலையை இறங்கியிருக்கிறார்கள். வளைவுகள் எல்லாம் முடிந்து கீழே ரோடு நேரானபோது மூச்சு நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் தானாகவே பாடத் தொடங்குகிற வண்டி அது. அன்றைக்கு அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மலைமேல் நம் வாழவந்தி நாட்டில் அவரிடம் ரவிக்கை தைத்துக்கொண்ட உங்களுக்கெல்லாம் மேகலா ஒரு தையல்காரர். எனக்கு அவர் பாட்டுக் கேட்கிறவர். என் உரக்கடைக்கும் அவர் தையல் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர் கடை போட்ட புதிதில் அந்தச் சுவர் நாள் முழுக்க அதிரும். பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சண்டைக்கே போனேன்.

"ஏனுங்க, சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க. கடையில யாவாரம் பேச முடியல."

மெஷினை நிறுத்தாமலே கேட்டார்: "எந்த எடத்துலீங்க சத்தம் ஜாஸ்தி?"

"எல்லா எடத்துலயுந்தான்."

"அப்படி இருக்காதுங்க. உக்காந்து கேட்டுட்டு எடத்தச் சொல்லுங்க. அந்த எடத்துல கொறைச்சுக்கறேன்."

உட்கார்ந்தேன். சண்டைக்குப் போனவன் உட்கார்ந்திருக்கவே கூடாது. ஏதோ தேசத்துப் பெண்பிள்ளைகள் சேர்ந்து பாடுகிற பாட்டு, பாஷை எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. பாட்டின் நடுவில் வாத்தியம் எல்லாம் அடங்கி, கைதட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சி, பிறகு டிரம் மொத்தமாக வந்து விழுந்தது. "இந்த எடம்" என்றேன். "அந்த எடத்துக்காகத்தானுங்க பாட்டே" என்று சிரித்தார். சத்தத்தை அவர் குறைக்கவில்லை. வியாபாரம் ஓய்கிற நேரம் பார்த்து மறுநாள் நானே போய் உட்கார்ந்தேன்.

அப்படித்தான் எங்கள் மூவர் சபை கூடியது. மேலே டவர் கிடைப்பது அதன் இஷ்டம் என்பதால், பிரபு கீழே போகும்போதெல்லாம் புதுப் பாட்டுகளை இறக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு வருவான். ஆடுகிற பாட்டு, கல்யாண வீட்டில் போடுகிற குத்துப் பாட்டு, கொரியாவில் இருந்து வருகிறது, ஸ்பெயினில் இருந்து வருகிறது என்று வகைவகையாக இருக்கும். கேட்டு முடித்ததும் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. "நல்லாருக்குன்னு சோத்துக்குச் சொல்லலாமுங்க. பாட்டுக்கு எடம் சொல்லோணும்" என்பார் மேகலா. இடம் சொல்லத் தெரியாதவனுக்கு அன்றைக்கு டீ கிடையாது.

கரண்டை நம்ப முடியாது என்று கால் மெஷின்தான் வைத்திருந்தார். பெடலில் இருக்கிற அந்தக் கால்தான் எங்களுக்கு நீதிபதி. பாட்டு ஓட ஓட, கால் தன்பாட்டுக்குத் தைத்துக்கொண்டு போனால் அந்தப் பாட்டு தோற்றது. கால் மெல்ல வேகம் மாற்றிப் பாட்டின் தாளத்துக்குப் போய்விட்டால் ஜெயித்தது. இது அவருக்கே தெரியாது. அவர் வாயால் என்ன சொன்னாலும் நானும் பிரபுவும் காலைத்தான் பார்ப்போம்.

ஒருமுறை தேவனூர் நாட்டில் இருந்து ஒரு அம்மா ரவிக்கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "ஏம்மா, இதுல கைய எங்க உடறது?" கை நுழைகிற இடத்தையே சேர்த்துத் தைத்து மூடியிருந்தது. மேகலா அதைத் திருப்பிப் பார்த்தார். "பிரபு, இது நீ போன சந்தைக்குக் கொண்டாந்த பாட்டு" என்றார். தையலைப் பிரித்துக்கொண்டே அந்த அம்மாவை உட்கார வைத்து அந்தப் பாட்டையும் போட்டுக் காட்டினார். அந்த அம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயா என்ற ரவிக்கையக் கெடுத்த? பாட்டு ஒண்ணும் அப்படி இல்ல" என்றார். "எந்த எடத்துலீங்க?" என்று மேகலா விடவில்லை. "பாடறவன் மூக்குல பாடறான்" என்றார் அந்த அம்மா. மேகலா இன்னொருமுறை போட்டுக் கேட்டார். "ஆமாங்க, மூக்குலதான் பாடறான்" என்று ஒத்துக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பாட்டு எங்கள் சபையில் ஒலித்ததில்லை.

எனக்குப் பிடித்தது மெதுவான பாட்டு. நான் உயிராய் நினைக்கிற ஒன்றைத் தைரியம் வந்து ஒருநாள் போட்டேன். கால் அசையவே இல்லை. முடிந்ததும், "இது காஜா எடுக்கற பாட்டுங்க" என்றார். பொத்தான் துளையைச் சுற்றிக் கையால் தைக்கிற வேலைதான் காஜா. மெஷினுக்கு அங்கே வேலை இல்லை. எனக்குச் சுருக்கென்றது. "டமடமன்னு அடிச்சுட்டாப் பாட்டாயிருமா?" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகவில்லை, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் என் பாட்டு ஓடியது. முடிந்ததும் திரும்ப ஓடியது. அப்புறம் கழுத்தில் இஞ்சு டேப்போடு என் கடை வாசலில் வந்து நின்றார். "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஒரு புல்லாங்குழல் வந்து மூச்சு வாங்குதுங்க. அந்த எடத்த ஒத்துக்கறேன். மீதிய நீங்களே வெச்சுக்குங்க." நான் கடையைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன், அவர் கடைக்கு.

அன்றைக்கு இறங்கிய அதே வேனில்தான் அவரை மேலே கொண்டுவந்தார்கள். வாசலில் கிடத்தி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பிரபு பழக்கத்தில் பாக்ஸ்களை இறக்கி ஒயரெல்லாம் இழுத்துவிட்டான். சாவு வீட்டுக்கு என்று அவனிடம் ஒரே ஒரு ஒப்பாரி இருக்கிறது. எல்லாச் சாவுக்கும் அதைத்தான் போடுவான். அதை அவன் போடவில்லை. "அழுவாச்சியப் போட்டு அக்காவ அனுப்ப மாட்டேன். அக்காவுக்குப் புடிச்சதச் சொல்லுண்ணா, போடறேன்" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பாட்டில் எந்த இடம் அவருக்குப் பிடிக்கும் என்று கேட்டால் விடிய விடியச் சொல்வேன். இதுதான் என் பாட்டு என்று ஒன்றைக்கூட அவர் சொன்னதில்லை. பிரபு ஒவ்வொரு பாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்தான். ஒன்றுக்கும் எனக்குள் எதுவும் அசையவில்லை, உர மூட்டையில் அச்சடித்திருக்கிற பெயர்களைப் படிப்பது போல இருந்தது. அவரை அனுப்புகிற பாட்டைத் தவறாகப் போட்டுவிடக் கூடாது என்கிற பயம் மட்டும்தான் இருந்தது.

மேகலாவின் அண்ணன் எழுந்து வந்தார். தோட்டத்தில் மிளகும் குச்சிக்கிழங்கும் போடுகிறவர், அதிகம் பேசாதவர். "ஏஞ்சாமி, மைக்செட்டக் கட்டிப்போட்டுச் சும்மா நிக்கறீங்க?" என்றார். பிரபு விஷயத்தைச் சொன்னான். அவர் வேனைத் திரும்பிப் பார்த்தார்.

"எறங்கறப்ப அவ காலு ஆடிட்டே இருந்துச்சு. வலியில துடிக்கறான்னு நெனச்சு நான் இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்."

பிரபு என்னைப் பார்த்தான். "எந்தப் பாட்டுக்குங்க?" என்று அவரிடம் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும் கண்ணு. எல்லாம் ஒண்ணாத்தான் கேட்டுச்சு." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புடிக்காம உட்டிருக்கலாம்."

பிரபு வேனில் இருந்த பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்து மைக்செட்டில் செருகி, முதல் பாட்டில் இருந்து போட்டான். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. "எழவு ஊட்டுல போடற பாட்டா இது?" என்று ஒருவர் எழுந்தே வந்துவிட்டார். "ஓடட்டும் உடுங்க" என்றார் அண்ணன். பாடையைத் தூக்கும்வரை எல்லாம் ஓடின. கைதட்டுகிற இடம் வந்தது, டிரம் விழுந்தது. இடங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தன. எதுவும் எனக்குள் வந்து சேரவில்லை. கண் மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தக் கட்டிய கால்களுக்கே போய்க்கொண்டிருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் "நல்ல மனுசி" என்றார்கள். மேகலா இருந்தால் எந்த இடத்தில் என்று கேட்டிருப்பார். அவரை அறிந்த நீங்கள் ஆளுக்கு ஓர் இடம் வைத்திருப்பீர்கள். என்னுடையதை நான் சொல்கிறேன்.

பாட்டு முடிந்திருக்கும். பிரபு அடுத்ததைப் போட்டிருக்க மாட்டான். மெஷின் நின்றிருக்கும், ஊசி துணியில் இறங்கியபடி இருக்கும். கால் பெடல் மேலேயே இருக்கும். என்ன சொல்லப் போகிறார் என்று நாங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்போம். பிறகு அவர், "ம், அடுத்தது போடு" என்பார்.

எனக்குப் பிடித்தது அந்த இடம். இப்போது நான் இருப்பதும் அங்கேதான். பாட்டு முடிந்துவிட்டது. அடுத்தது போடு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.