மார்லிஸ் குறைத்த ஒலி

அமெரிக்காவின் டுலூத் நகரில், எங்கள் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுப்பவள் மார்லிஸ் ஹாகன். அவளுக்குக் காதுதான் கண். நோயாளியின் ரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய, கருவியின் 'பீப்' ஒலியின் சுருதி இறங்கிக்கொண்டே வரும். திரையைப் பார்க்காமலே அவள் எழுந்துவிடுவாள்.

ஆனால் அறையில் பாட்டு அறுவை மருத்துவரின் உரிமை. டாக்டர் பிராண்ட் வயிற்றைத் தைக்கத் தொடங்கினால், ஒலிபெருக்கியை முழுக்கத் திருகச் சொல்வார். வேலை முடிந்த கொண்டாட்டமாம்! அந்த அறையின் செவிலி நானும் திருகியிருக்கிறேன். முந்தைய மருத்துவமனையில் "பாட்டை நிறுத்துங்க" என்று சொல்லிச் சொல்லியே சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கி வந்தவள் மார்லிஸ். இங்கும் அந்தப் பெயர் வந்துவிடுமோ என்று பயந்தாள்.

அன்று மேசையில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்ன் சோபல். பித்தப்பையை எடுத்தாயிற்று. தையல் தொடங்கியதும் பாட்டு அதிர்ந்தது.

"ஏம்மா மார்லிஸ், அந்தக் குருவிய கொஞ்சம் வாய மூடச் சொல்லு. தாளம் கெடுதுல்ல?" என்றார் பிராண்ட்.

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்து, பீப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பி நின்று, நோயாளியை எழுப்பும் மருந்தை ஊசியில் ஏற்றினாள்.

சாய்த்திருந்த மேசையை நிமிர்த்தியபோது, துணிக்கடியில் செயற்கைச் சுவாசக் குழாயின் இணைப்பு கழன்றிருக்கிறது. இயந்திரம் கத்தத்தான் செய்தது. பாட்டு அதைவிடக் கத்தியது. அவள் திரும்பியபோது வெர்னின் உதடு நீலம்.

உயிர் தப்பியது. நினைவு தப்பிவிட்டது. பழையதெல்லாம் தெரிகிறது, புதிதாகச் சொன்னது எதுவும் தங்குவதில்லை.

"யார்கிட்டயும் வாயத் திறக்காதே" என்றது நிர்வாகம். "பாட்ட நிறுத்துங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே" என்றார் பிராண்ட். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்லிஸ் நேரே வெர்ன் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கதவைத் திறந்தாள் மனைவி டோரீன். தான் யாரென்றும், குழாய் கழன்று இயந்திரம் கத்தியதையும் மார்லிஸ் சொன்னாள்.

"அந்த ரூம்ல ஒருத்தர் காதுலயுமா விழல?"

"என் காதுல விழுந்திருக்கும். நான்தான் சத்தத்தக் கொறச்சேன்."

டோரீன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அவருகிட்ட நீங்களே சொல்லுங்க. 'எனக்கு என்ன ஆச்சு'ன்னு தெனமும் கேக்குறாரு. பதில் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு" என்றாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் வெர்ன். மார்லிஸ் எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. பிறகு, "போகட்டும்மா, அழாத" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அவள் விம்மி அழுதாள்.

அடுத்த ஞாயிறு போனபோது, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். "எனக்கு என்னதான் ஆச்சு? யாருமே சொல்ல மாட்டேங்குறாங்க."

மார்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை அவர் மன்னிக்கவில்லை.