அச்சாபீசில் விட்டு வந்த முகம்

சோலைமலைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஹட்டனுக்குப் பக்கத்தில் அவன் வேலை செய்த தோட்டத்தின் தேயிலை அரைக்கிற ஸ்டோரிலிருந்து கொழும்புக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகளில் இருந்த எழுத்தெல்லாம் அவன் அடித்ததுதான். தகரத்தில் எழுத்தை வெட்டியெடுத்து, அந்தத் தகட்டைப் பெட்டிமேல் வைத்துக் கறுப்பு மை தடவுவான்.

அந்தத் தகடு ஸ்டோர் வாசலைத் தாண்டக்கூடாது. தாண்டினால் எவனும் எந்தக் கழிவுத் தூளையும் தோட்டத்துப் பேரில் விற்றுவிடலாமாம். அவனுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவன் ஒருநாள் மறதியாகத் தகட்டோடு குடியிருந்த லயத்துக்குப் போய்விட்டான். தோட்டத்துத் துரை அவன் கையில் பேரை வெட்டிய பத்துச்சீட்டைக் கொடுத்து, பெண்டாட்டி பிள்ளையோடு தோட்டத்தை விட்டே துரத்தினார். பாவி மனுசன், மழையில் சட்டிபானையோடு ரோட்டில் நின்றான். அதைப் பார்த்ததிலிருந்து சோலைமலைக்குள் ஒரு பயம் ஊறிப்போயிற்று. நாம் வெட்டினாலும் பொருள் அவர்களுடையது, தொட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் திருட்டு.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஹட்டனில் அச்சாபீஸ் வைத்திருந்த செபஸ்தியாம்பிள்ளை, இவன் கைவேலையைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டனுப்பினார். கொழுந்து பறிக்கிற பெண்களின் பாட்டுகளைச் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார். அட்டைக்கு ஒரு பெண்ணின் முகம் வேண்டும், மரக்கட்டையில் செதுக்கித் தர முடியுமா என்றார். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. யார் முகத்தைச் செதுக்குவது? கூடப் பிறந்தவள் முகம்தான் கண்ணை மூடினாலும் தெரிகிற முகம். தங்கை அம்மாக்கண்ணுவின் இரண்டு பக்க மூக்குத்தி, சின்ன வயதில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டையில் விழுந்து புருவத்தில் வாங்கிய தழும்பு, எதையும் விடாமல் செதுக்கிவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

புத்தகம் வந்தபோது லயமே சிரித்து மகிழ்ந்தது. அம்மாக்கண்ணு வெட்கப்பட்டாலும் அட்டையைக் கிழித்துக் தான் குடியிருந்த காம்பராச் சுவரில் ஒட்டிவைத்தாள். புருஷன் வயிற்றுவலி வந்து வாந்தியெடுத்தே செத்துப்போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அச்சு முடிந்ததும் செபஸ்தியாம்பிள்ளை கட்டையை நீட்டி, “ஒன் வேலைதானேப்பா, எடுத்துக்கிட்டுப் போ” என்றார்.

சோலைமலை நெருப்பைக் கண்டவன் மாதிரிப் பின்வாங்கினான். “ஐயையோ, வேணாங்க மொதலாளி. இங்கேயே இருக்கட்டுங்க” என்று கும்பிட்டுவிட்டு வந்தான். தகட்டுப் பயம்! மூடன், ஸ்டோர் வேறு அச்சாபீஸ் வேறு என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மூன்று வருஷம் போயிற்று. அம்மாக்கண்ணுவின் மகள் பேச்சியம்மாவுக்குப் பூண்டுலோயாவில் மாப்பிள்ளை அமைந்து, வெற்றிலை பாக்கும் மாற்றியாயிற்று. அந்த நேரத்தில்தான் பதுளைப் பக்கம் ஒருத்தி புருஷனுக்குக் கஞ்சியில் விஷம் வைத்துக் கொன்றாள். உடனே அதைப் பாட்டாகக் கட்டி, புத்தகமாக அடித்து, பஸ்ஸிலும் ரயிலிலும் பாடி விற்றார்கள். அட்டையில் கொலைகாரி என்று போட்டிருந்த முகம் அம்மாக்கண்ணுவின் முகம்.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? “இவ புருஷனும் வாந்தியெடுத்துத்தானே செத்தான்” என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேச்சு கிளம்பியது. அம்மாக்கண்ணு தண்ணீருக்குப் போவதையே நிறுத்தினாள். சோலைமலை பதறியடித்து ஹட்டனுக்கு ஓடினான்.

“மொதலாளி, இது என் தங்கச்சி மூஞ்சிங்க! கொலைகாரிப் பாட்டுக்குப் போட்டுட்டீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதுங்களா?”

செபஸ்தியாம்பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது. “யேசுவே! தங்கச்சியா? எனக்கெப்படிப்பா தெரியும்? பாட்டுக்காரன் ஒரு பொம்பளை படம் கேட்டான். கட்டை சும்மா கெடந்துச்சு, எடுத்துப் போட்டேன். அன்னைக்கே கொண்டு போன்னு சொன்னேனா இல்லையா?”

கேட்காமல் போட்டது அவர் தப்புத்தான் என்று சோலைமலைக்குத் தோன்றியது. அதைச் சொல்ல வாயைத் திறந்தால், அன்றைக்குக் கட்டையை விட்டு வந்த தன் தப்பும் சேர்ந்து வந்தது.

“அது வேற ஆளு படம்னு ஒரு நோட்டீசாச்சும் அடிச்சுக் குடுங்க மொதலாளி.”

“அடிச்சா தெரியாதவனுக்கும் தெரிஞ்சுரும்பா. இனிமே அந்தப் படத்தை நான் அடிக்கல. வித்த புஸ்தகத்தை எங்க போய்ப் புடிக்கிறது? நீ வாயைத் திறக்காம இரு, தானா அடங்கிரும்.” கட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அந்த ஒரு புத்தியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சம்பந்தம் முறிந்துபோகுமே என்ற பதற்றத்தில், கட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு நேரே பூண்டுலோயாவுக்கு பஸ் ஏறினான்.

மாப்பிள்ளையின் தகப்பன் மூக்கன் பாய் விரித்து உட்காரவைத்தார். சோலைமலை கட்டையைப் பிரித்துக் காட்டி, தான் செதுக்கியதையும் அச்சாபீஸ்காரர் கேட்காமல் போட்டதையும் ஒன்று விடாமல் சொன்னான்.

“சத்தியமாச் சொல்றேண்ணே, மூஞ்சி என் தங்கச்சியோடதுதான். கதை அவளோடது இல்ல.”

மூக்கன் கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, அந்தப் புஸ்தகம் இங்கயும் வந்துச்சு. பொம்பளைங்க சாடை இருக்குதுன்னாங்க. ‘போங்கடி, ஒரே சாடையில ஏழு பேரு இருப்பாங்க’ன்னு நாந்தான் வாயடைச்சு வச்சிருந்தேன். இப்ப நீங்களே வந்து ஆமாங்கிறீங்களே.”

“கதை வேறண்ணே...”

“எனக்குத் தெரியுது. ஊரு வாய மூட ஒலமூடி இருக்கா? நாளைக்கு எம் பேரப்புள்ளைய என்னான்னு கூப்புடுவாங்க? வெத்தில மாத்துனத மறந்துருங்க தம்பி.” அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அவன் லயத்துக்குத் திரும்பியபோது அம்மாக்கண்ணு அடுப்படியில் இருந்தாள். பேச்சியம்மா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்க, நடந்ததைச் சொல்லிக் கட்டையை நீட்டினான்.

“மொதலாளி நாசமாப் போகட்டும். இந்தா, இதை அடுப்புல போடு தங்கச்சி.”

“அவரை ஏண்ணே வையிற?” என்றாள் அம்மாக்கண்ணு. “அவரு என்னையக் கண்ணால பாத்ததுகூட இல்ல. யாரோ எவளோன்னு போட்டாரு. நீ யாரு மூஞ்சின்னு தெரிஞ்சே கொண்டுபோய்க் குடுத்தியே. பூண்டுலோயாவுக்குப் போறப்பவாச்சும் எங்கிட்டக் கேட்டுட்டுப் போனியா?”

கட்டையை அவள் வாங்கவே இல்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

ஐந்து வருஷம் கழித்து, ஏற்கனவே ஒரு தாரம் இழந்த ஒருவனுக்குப் பேச்சியம்மாவைக் கட்டிக்கொடுத்தார்கள். தாய்மாமன் மாலை போட வேண்டிய நேரத்தில், அடுத்த லயத்து அழகுமுத்துவைக் கூப்பிட்டு நிற்கவைத்தாள் அம்மாக்கண்ணு. கூடப் பிறந்தவன் ஸ்டோரில் பெட்டிகளுக்கு மை தடவிக்கொண்டிருந்தான். மேளச் சத்தம் அங்கேயும் கேட்டது.